ரப்பர் பயில்வானும் வலைக்கூடத்துப் பூனையும்

வா மாப்ள, உக்காரு. செருப்பை அந்தாண்ட வுடு. வலை மேல வுட்டின்னா உங்க அத்தை உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டா, என்னைத்தான் திட்டுவா. இன்னா அது மடியில, ஓலைப் பெட்டியா? நம்மூருப் பொம்பளைங்க முடைஞ்சதா? அட! மெட்ராஸ் போயி பதினஞ்சு வருசத்துல மொத தபா நம்மூரு சாமானைக் காசு குடுத்து வாங்கிகினு வந்திருக்கிற. உள்ள இன்னா, அத்தைக்கு அல்வாவா?

தொற, பாக்கலாம்.

ஏம்மே, இங்க வா! உன் மருமவன் காஞ்ச இறால் கொண்ணாந்திருக்கிறான். பழவேற்காட்டுக்கு மெட்ராஸ்லேந்து இறாலு!

கோச்சிக்காத மாப்ள. தப்பு என் கண்ணு மேல இல்ல, அந்தக் கலரு மேல. நீயே பாரு. வெயில்ல ரெண்டு நாள் கெடந்த இறாலு இதே கலருதான். அளவும் அதே. ரெண்டு இஞ்சுக்கு மேல ஒண்ணு கூடக் கெடையாது. எத்தனி இருக்குது? நாப்பத்தி ஒண்ணா? எண்ணி வச்சிகினுதான் வந்திருக்கிற. நல்லது. அந்த எண்ணிக்கையை மனசுல வச்சிக்க, அப்பறம் பேசுவோம்.

ஒண்ண இப்டிக் குடு. கண்ணாடி எங்க… ஆங். ஒரு கை இடுப்புல, ஒரு கை மேல. மாரு ரெண்டும் நம்ம மகாபலிபுரம் கோயில் தூணு மாதிரி. தலையிலேருந்து காலு வரைக்கும் பக்கவாட்டுல ஒரு கோடு ஓடுதே, இது ரெண்டு அச்சும் சேர்ந்த எடம்தானே? ஃபைபர் போட்டுல ரெண்டு பக்கமும் ஒட்டின எடத்துல தடவினா வரப்பு மாதிரி தட்டுமே, அதே கதைதான். முதுகுல இன்னாமோ பொடி எழுத்து. கொசு கால்ல மை தொட்டு நடந்த மாதிரி. அமுக்கினா மெத்துன்னு இருக்குது. மோந்து பாத்தா பழைய ரெயின்கோட்டு வாசனை. சரி, இப்ப நீ சொல்லு, இந்த ரப்பர் குஞ்சுக்கு எவ்ளோ குடுத்த?

எவ்ளோ?

ஏம்மே, நீ உள்ள போ. ஒண்ணுமில்ல, ஆம்பளைங்க பேச்சு.

மாப்ள, அந்தக் காசுக்கு ஒரு கூடை பச்சை நண்டு வாங்கி, மீதிக் காசுல அத்த சாப்புடுறதுக்கு நாலு ஆளையும் வாங்கியிருக்கலாம். சரி வுடு. ஆசைக்கு தராசு கெடையாது. நீ போன தபா போன்ல ஒரு மணி நேரம் சொன்னியே ஜப்பான் கதை, அத்த நான் மறந்துட்டேன்னு நெனைக்காத. ரெண்டு பேரு சேர்ந்து படக்கதை போட்டானுங்க. வருசம் 1979. அவுங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து வச்சிகினு இருந்த பேரு ‘யுதேதமாகோ’. அதுக்கு அர்த்தம் அவிச்ச முட்டை. அவிச்ச முட்டை எழுதின கதைக்கு ‘கின்னிக்குமான்’னு பேரு. கின்னிக்குன்னா சதை. சதையாண்டின்னு வச்சிக்க. மல்லுக்கட்டுற வீரனுங்க கதை. படிக்கிற புள்ளைங்களையே, ‘உனக்குத் தோணுற பயில்வானை வரைஞ்சு தபால்ல அனுப்பு’ன்னு சொன்னானாம். புள்ளைங்க வுடுமா? ஒருத்தன் உடம்புலயே கக்கூசு வச்ச பயில்வான் வந்துட்டான். கதையில நூடுல்சு பேரு வச்ச பயில்வான் கூட இருக்கிறான்.

நம்ம நாட்டுக்கும் ஒரு ஆளை ஒதுக்கி வச்சிருக்கிறானுங்கன்னு சொன்னியே, அவன் எங்க? காட்டு. ஆகா. பேரே ‘கறிகுக்’கா? தலை மேல சோறும் கறிக்குழம்பும் ஊத்தி வச்சிருக்கிறான். மாமல்லன் பொறந்த நாடு மாப்ள இது! நரசிம்ம பல்லவன் ஏழாம் நூத்தாண்டுலயே மல்லன்னு பட்டம் வாங்கி, ஒரு ஊருக்கே அந்தப் பேரை வச்சுட்டுப் போனவன். அந்த நாட்டுக்கு ஜப்பான்காரன் குடுத்த மரியாதை தலையில ஒரு சட்டிக் குழம்பு. இருந்தாலும் உத்துப் பாத்தா முகம் நம்ம ஏலக்கூடத்துக் கணக்குப்புள்ளை மாதிரிதான் இருக்குது. இவனைத் தனியா இந்த ஓரத்துல வை.

1983-ல பண்டாய் கம்பெனிக்காரன் இந்தப் பயலுங்களை ரப்பர்ல வார்த்து, காசு போட்டுத் திருகுற டப்பாவுல அடைச்சு வித்தான். அழிரப்பர்னு பேரு. ஆனா அழிக்காது. நீதான சொன்ன? பேப்பர்ல தேய்ச்சா எழுத்து போவாது, பேப்பரு போவும். மொத்தம் 418 வகை. அப்பறம் 1985-ல அமெரிக்காவுல மட்டேல் கம்பெனிக்காரன் அச்சை எடுத்தாந்து, மனுசத் தோலு கலர்ல ஊத்தி, ‘மசில்’னு பேரு வச்சு, குப்பைத்தொட்டி மாதிரி ஒரு டப்பாவுல பத்துப் பத்தா போட்டு வித்தான். வெக்கமில்லாத வியாபாரி, குப்பைன்னு அவனே சொல்லித்தான் வித்திருக்கிறான். வாங்கினவன்தான் அத்த நம்பல. 1988-க்குள்ள கடையைக் கட்டிட்டான்.

இதுல எனக்குப் புடிச்ச எடம் ஒண்ணு இருக்குது. கம்பெனிக்காரன் போட்ட படத்துல 233 பேருதான் இருந்தானுங்க. இந்தப் பொம்மை சேர்க்குற ஜனங்க வூட்டு வூட்டுக்கு அட்டைப் பொட்டியை நோண்டி, படத்துல இல்லாத மூணு பேரைக் கண்டுபுடிச்சு 236-ன்னு கணக்கை மாத்திட்டானுங்க. பெத்தவனுக்கே தெரியாத புள்ளையை ஊருக்காரன் கண்டுபுடிச்சுக் குடுத்தா எப்டி இருக்கும்! அத்த நான் கிண்டல் பண்ண மாட்டேன். அது வேலை.

ச்சூ! ஏய், போ அந்தாண்ட. ஒண்ணுமில்ல மாப்ள, பூனை. நீ சொல்லு.

உனக்கு இந்தப் பைத்தியம் எங்கேருந்து வந்துச்சுன்னு உங்கம்மா அழுவுறா. நான் சொல்லவா? பரம்பரை. உங்க தாத்தா காலத்துல கிங்காங், தாராசிங் சண்டைன்னா மெட்ராஸே ரெண்டா பிரிஞ்சி நிக்குமாம். நம்ம குப்பத்துலேந்து நாலு பேரு பொன்னேரி வரைக்கும் நடந்தே போயி ரயிலு புடிச்சுப் பாத்துட்டு வந்து, ஒரு மாசம் எவனும் ஒழுங்கா வலை இழுக்கல. ஒருத்தன் துடுப்பைப் போட்டுட்டு இன்னொருத்தன் கழுத்தைப் புடிச்சிகினு நின்னான். அந்தத் தாராசிங்கே பின்னாடி டிவி ராமாயணத்துல அனுமாரா வந்தாரு. உங்க பாட்டி தேங்கா ஒடைச்சு சூடம் காட்டினா. நான், ‘அம்மா, இவுரு கிங்காங்கைத் தூக்கிப் போட்டவரு’ன்னு சொன்னேன். ‘அப்ப சஞ்சீவி மலையைத் தூக்குறதுல இன்னா அதிசயம்’னா.

நான் போட்டுகினு இருக்குறேனே இந்தக் கையில்லாத பனியனு, இதுக்கு இன்னா பேரு? சாண்டோ. சாண்டோன்னு ஒரு ஜெர்மன் பயில்வான். உலகம் பூரா சதையைக் காட்டியே சம்பாரிச்சவன். நம்ம நாட்டுக்கும் வந்துட்டுப் போயிருக்கிறான். அவன் பேரைத்தான் சின்னப்பா தேவரு தன் பேருக்கு முன்னாடி போட்டுகினாரு. இன்னிக்கு எலும்பும் தோலுமா இருக்குற நான் கூட சாண்டோதான். பயில்வானுங்க பொம்மையில மட்டுமா மாப்ள இருக்கிறானுங்க, கொடியில காயுற துணியிலயும் இருக்கிறானுங்க.

அப்பறம் உன் காலம். கேபிள்ல மல்லுக்கட்டு வந்துச்சு. பயில்வான் படம் போட்ட சீட்டு வந்துச்சு. ட்ரம்ப் கார்டுன்னு சொல்லிகினு அந்த மணல் திட்டுல நாலு பேரா உக்காந்து, ‘வெயிட்டு’, ‘செஸ்ட்டு’, ‘பைசெப்ஸு’ன்னு கத்துவீங்க. நான் கூட, ஏதோ பாடம்தான் படிக்குதுங்கன்னு முறுக்கு வாங்கிக் குடுத்தேன். அந்த யோகோசுனான்னு ஒரு குண்டன் சீட்டுல எடை ஐந்நூத்துக்கு மேல போட்டிருந்துச்சு. அது பவுண்டு. நம்ம பசங்க கிலோன்னு நெனச்சிகினு, ‘மாமா, இவன் போட்டுல ஏறினா போட்டு முழுகிடுமா’ன்னு எங்கிட்ட வந்து கேட்டானுங்க. நான் சளைச்சவனா? ‘முழுவாது, ஆனா டீசல் கூட ஆவும்’னேன். ஜப்பான் கொடியைப் புடிச்சிகினு வருவான் அந்த ஆளு. விசாரிச்சா சமோவாத் தீவு வம்சமாம். மல்லுக்கட்டுறதுல மட்டும் பொய்யில்ல மாப்ள, பொறந்த ஊருலயும் பொய்யி.

அந்தக் காலத்துல பூநாரை பாக்க ஒரு ஆளு வந்தாரு, நெனப்பிருக்குதா? தொப்பியில பாண்டா கரடி படம், கீழ டபிள்யூ டபிள்யூ எஃப்புன்னு எழுத்து. நீங்க பத்துப் பேரு, அத்த டிவி மல்லுக்கட்டு கம்பெனின்னு நெனச்சு, அவரைச் சுத்திகினு, ‘சார், அண்டர்டேக்கர் எப்ப வருவாரு’ன்னு கேட்டீங்க. அந்த மனுசன் பூநாரைக்குத்தான் அப்டி ஒரு பேரு வச்சிருக்கீங்கன்னு நெனச்சிகினு, ‘ஜனவரியில நெறைய வரும்’னு சொல்லிட்டுப் போனாரு. ஊரு பூரா ஜனவரி வரைக்கும் காத்துகினு இருந்துச்சு. அதே மூணு எழுத்துக்காக அந்தக் கரடிக்காரங்களும் மல்லுக்காரங்களும் லண்டன் கோர்ட்டு வரைக்கும் போயி, கரடி ஜெயிச்சு, 2002-ல மல்லுக்காரன் பேரை மாத்திகினான். எத்தனையோ குஸ்தி பாத்தேன், எவன் ஜெயிப்பான்னு முன்கூட்டி முடிவு பண்ணாத குஸ்தி அது ஒண்ணுதான்.

சரி, புத்தி சொல்றேன், கேட்டுக்க. கேக்காட்டியும் சொல்லுவேன்.

மொதல்ல வாங்குறது. நீ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில இதுல ஒரு பன்னெண்டு வாங்கினேன்னு சொன்ன. எப்டி வாங்கினன்னு நானே சொல்றேன். பழைய டேப்ரிக்கார்டருக்கும் ஒடைஞ்ச மிக்சிக்கும் நடுவுல ஒரு பாலித்தீன் கவருல இதுங்க கெடந்திருக்கும். நீ பாத்திருப்ப. ஒடனே உன் மூஞ்சி உதயசூரியன் மாதிரி ஆயிருக்கும். கடைக்காரன் பாத்திருப்பான். அங்கயே முடிஞ்சி போச்சு உன் கதை. நம்ம ஏலக்கூடத்துல நிக்குற பொம்பளைங்களைப் பாரு. வேணும்கிறது வெள்ளை இறாலா இருந்தா, அவ கண்ணு பக்கத்துல கெடக்குற கெளுத்தி மேல இருக்கும். ‘இன்னாடா இது, நேத்து செத்ததா’ன்னு கெளுத்தியைத் திட்டிகினே இறாலை முந்தானைக்குள்ள போட்டுகினு போயிடுவா. நீ அடுத்த தபா போறப்ப மிக்சியை விசாரி. அந்த மிக்சிக்கு மூடி இருக்குதான்னு ஒரு கால் மணி நேரம் பேசு. அப்பறம் எந்திரிக்கிறப்ப, ‘புள்ளை வெளையாட இதுவும் போடு’ன்னு கேளு.

அசலு எது, நகலு எதுன்னு கேட்டியே. நகலு எடுக்குறவன் இன்னா பண்ணுவான்? அசல் பொம்மையை வச்சே அச்சு எடுப்பான். ஊத்தினது ஆறுறப்ப கொஞ்சம் சுருங்கும். அதனால நகலு எப்பவும் அசலை வுட ஒரு மயிரிழை குட்டை. மூக்கு மழுங்கியிருக்கும். முதுகு எழுத்து கஞ்சியில வுட்ட மாதிரி கரைஞ்சிருக்கும். ரெண்டையும் பக்கத்துல நிக்க வச்சாதான் தெரியும், தனியா பாத்தா எவனும் ராசாதான். இதோ இவனையும் இவனையும் பாரு. தோள் இடிக்குதா? இவன் கண்ணு அவன் மூக்குக்கு நேரா இருக்குது. பல்லாவரத்தான் உன் தலையில ஒண்ணைக் கட்டிட்டான் மாப்ள! தூக்கிப் போடாத. நகலுன்னு எழுதி அதையும் வச்சிக்க. கள்ளநோட்டும் சரித்திரம்தான், கடையில குடுக்காத வரைக்கும்.

அப்பறம் வச்சிக்கிறது. ஓலைப் பெட்டி அழகுதான். ஆனா ஏரிக் காத்துல ஒரு மழைக்காலம் இருந்துச்சுன்னா உள்ள பூஞ்சை புடிக்கும், பூச்சி வரும். பூச்சி வருதுன்னு உங்கம்மா அந்துருண்டையைப் போடுவா. போட வுடாத! அந்த வாசனை ஏறினா இந்த மாதிரி சாமான் இளகி, தொட்டா கையோட வரும். இந்த ரப்பர்ல மெத்துன்னு இருக்க எண்ணெய் மாதிரி ஒண்ணு கலக்குறான் பாரு, அது வருசம் போவப் போவ வெளிய வேர்க்கும். நம்ம பழைய ரப்பர் குழாயி பிசுபிசுன்னு ஆவுதே, அதான். வேர்க்குற பயலை கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுல ஒட்டி வச்சா, அந்த டப்பாவையே தின்னு பள்ளம் பண்ணிடுவான். ஒவ்வொருத்தனையும் வெள்ளைப் பேப்பர்ல சுத்து. வெயில்ல காட்டாத. அழுக்கு இருந்தா வெதவெதன்னு கூட வேணாம், பச்சைத்தண்ணி, கொஞ்சம் சோப்பு, பழைய பல்லு பிரசு. கழுவினதும் நெழல்ல காயட்டும். உங்க அத்தை கிட்ட குடுத்துடாத. அவ புளி போட்டு வெளக்கிடுவா.

ம்… இனிமே சொல்றதுதான் விசயம். உன் செல்போன்ல எக்செல்னு கட்டம் போட்டு எழுதி வச்சிருக்கிறியே, அத்தக் காட்டு. எண்ணு. பேரு. கலரு. நெலமை. வெல. அவ்ளோதானா?

எந்திரி. அந்தப் பரண் மேல துணி சுத்தி ஒரு நோட்டு இருக்குது, எடு. மெதுவா. செல்லு அரிச்சிருக்கும். இது இன்னான்னு தெரியுமா? பாட்டு நோட்டு. சினிமாப் பாட்டு இல்லடா, பாடு. இந்த ஏரியில எந்த எடத்துல எந்த நாளு எந்தத் தலைக்கட்டு வலை கட்டணும்னு மொறை இருக்குதே, அந்தப் பாடு. சீட்டுக் குலுக்கிப் போட்டு, நல்ல எடம் ஒருத்தனுக்கே போவாம சுத்தி வர்ற மாதிரி நம்ம முன்னோரு வச்ச ஏற்பாடு. இப்பக்கூட பெரிய படிப்புப் படிச்சவங்க இத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்துகினுதான் இருக்காங்க. இந்தப் பக்கத்தைப் பாரு. பேரு இருக்குது. நாளு இருக்குது. அதோட, ‘அண்ணன் காய்ச்சல், தம்பி எறங்கினான்’னு இருக்குது. ‘முகத்துவாரம் மண்ணு மூடிப் போச்சு, வலை சும்மா வந்துச்சு’ன்னு இருக்குது. ‘மூணாம் வூட்டான் ஒத்துக்கல, பஞ்சாயத்து’ன்னு இருக்குது. அந்தச் சண்டை இன்னிக்கு வரைக்கும் தீரல, ஆனா எங்க ஆரம்பிச்சுதுன்னு இங்க எழுதியிருக்குது. உன் கட்டத்துல சண்டை எங்க மாப்ள?

பல்லாவரத்தான் உங்கிட்ட இன்னா சொன்னான்? ‘கப்பல்ல வேலை பாத்த ஒருத்தரு வூட்டைக் காலி பண்றப்ப வந்த சாமான் சார்’னு சொன்னான்னு போன வாரம் நீதான் பேச்சு வாக்குல சொன்ன. அத்த எங்க எழுதின? எழுதல. யாரோ ஒரு மனுசன் ஜப்பான் துறைமுகத்துல எறங்கி, காசு போட்டு டப்பாவைத் திருகி, தன் புள்ளைக்கு வாங்கி, பொட்டியில துணிக்கு நடுவுல வச்சு, மாசக்கணக்குல கடல்ல வந்து குடுத்திருக்கலாம். இல்ல, பல்லாவரத்தான் வாயில வந்ததைச் சொல்லியிருக்கலாம். ரெண்டையும் எழுது. ‘கடைக்காரன் சொன்னது’ன்னு போட்டு எழுது. எந்த வெள்ளிக்கெழமை, எவ்ளோ பேரம், மழையா வெயிலா, எழுது.

வெளையாட்டா சொல்லல. நம்மூரையே எடுத்துக்க. டச்சுக்காரன் 1613-ல இங்க கெல்ட்ரியான்னு கோட்டை கட்டினான். இன்னிக்கு அந்த எடத்துல முள்ளுக்காடுதான். ஆனா அவன் கல்லறையைப் பாரு, தொல்லியல் துறைக்காரன் வேலி போட்டுக் காப்பாத்திகினு இருக்கிறான். வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வச்சிருக்கிறானே, சின்ன வயசுல நீ பாத்துட்டு மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தியே, அதுக்கு மேல ஒரு பொம்மை இந்த ஜில்லாவுல கெடையாது. வெலா எலும்பு ஒவ்வொண்ணும் தெரியும். மொத்தமே ரெண்டு உருப்படி, நகலு கெடையாது. உள்ள போனா ஒவ்வொரு கல்லுலயும் பேரு, தேதி, குடும்பச் சின்னம். செத்தவன் முந்நூத்தம்பது வருசத்துக்கு அப்பறமும், ‘நான் இன்னார்’னு சொல்லிகினு படுத்திருக்கிறான்.

அவன் கணக்குப் புத்தகமும் அப்டித்தான். இங்கேருந்து போன துணி எத்தனி கட்டுன்னு எழுதியிருக்கிறான். அந்தத் துணியால மலேசியாக்காரன் இன்னிக்கும் கட்டுற கைலிக்கு ‘பெலிக்காட்’டுன்னே பேரு. நம்மூருப் பேரு! அத்த நெய்ஞ்ச கை யாருது, சாயம் போட்ட கை யாருது? ஒரு பேரு சொல்லு பாக்கலாம். துணியோட மட்டும் போச்சா? பஞ்ச காலத்துல புடிச்ச, வித்த சனங்களையும் ஆயிரக்கணக்குல கப்பல்ல ஏத்தி பத்தாவியாவுக்கு அனுப்பினான். அதையும் எழுதித்தான் வச்சிருக்கிறான். எத்தனி தலை, எந்தக் கப்பல், எவ்ளோ வெல. எண்ணு இருக்குது, நெலமை இருக்குது, வெல இருக்குது. பேரு மட்டும் இல்ல. உன் செல்போனுல இருக்குற அதே கட்டம்தான் மாப்ள.

…தண்ணி குடிக்கிறியா? குடி.

சரி, பொம்மைக்கே வருவோம். மெட்ராஸ் கம்பெனிதான் ஃபன்ஸ்கூலு. எம்.ஆர்.எஃப். டயர்க்காரங்க அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோவைக் கூட்டு சேர்த்துகினு 1987-ல ஆரம்பிச்சது. ஜி.ஐ. ஜோன்னு சிப்பாய் பொம்மை போட்டாங்க, உனக்கே ஒண்ணு இருந்துச்சு, கை ஒடைஞ்சது. அமெரிக்காவுல பச்சைச் சட்டை போட்டவனுக்கு நம்மாளு வேற கலரு சட்டையைப் போட்டு வுட்டுட்டான். அந்தக் கலருக்காகவே இன்னிக்கு வெளிநாட்டுக்காரன் அலையுறான். எந்தத் தலைக்கு எந்த ஒடம்பு, எந்த வருசம் எந்தப் பெயிண்டுன்னு பட்டியலு போட்டு வச்சிருக்கிறது பெரும்பாலும் அவன்தான். நம்ம வூட்டுல வாங்கின பொம்மை, நம்ம புள்ளை ஒடைச்ச கை, பட்டியலு அவன் கையில. நாம அட்டையைக் கிழிச்சு அடுப்பு பத்த வச்சோம். ஆமா, நான்தான் பத்த வச்சேன். அப்டி மொறைக்காத.

அதனால, போட்டோ எடுக்குறப்ப பக்கத்துல ஒரு ரூபா காசு வை, அளவு தெரியட்டும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, முதுகெழுத்துக்குக் கிட்ட ஒண்ணு. காலையில ஏழு மணிக்கு இந்தக் கூடத்துக்கு வடக்கால பக்கம் வெளிச்சம் பால் மாதிரி வரும், அங்க வந்து எடு. நான் குடையைப் புடிக்கிறேன். கூலி ஒரு டீ, ரெண்டு வடை. கையெழுத்துல ஒரு நோட்டும் போடு. உன் போனு தண்ணியில வுழுந்தா போச்சு. இந்த நோட்டு சுனாமியையே பாத்துச்சு.

அத்தத்தான் சொல்ல வந்தேன். 2004-ல உன் டிரங்குப் பொட்டி போச்சே. கோலி, பம்பரம், அந்த ட்ரம்ப் கார்டு கட்டு, எல்லாம். நீ அழுவல. கட்டிலு போச்சுன்னு உங்கம்மா அழுதுகினு இருந்தா, சீட்டு போச்சுன்னு நீ எப்டி அழுவ? ரெண்டு மாசம் கழிச்சு, மணல்ல காலால நோண்டிகினே நடந்த. நான் பாத்துகினுதான் இருந்தேன். இந்த ரப்பர் பைத்தியம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு உங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த நோட்டுல கடைசிக்கு முன்பக்கம், பாடு மொறைக்கு அடையாளம் வச்ச எடத்தைத் தொற.

தொற சொன்னேன்.

ஆமா. அண்டர்டேக்கர்தான். தொப்பியோட. 1997-ல நீ ஏழாவது முழுப்பரீட்சைக்கு மொத நாளு ராத்திரி போர்வைக்குள்ள டார்ச்சு அடிச்சிகினு இவனோட பேசிகினு இருந்தப்ப நான் புடுங்கினது. பரீட்சை முடிஞ்சதும் குடுக்கலாம்னு நோட்டுக்குள்ள வச்சேன். நோட்டைப் பரண் மேல வச்சேன். அப்பறம் மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ பத்தாவது பாஸ் பண்ணினா குடுக்கலாம்னு நெனச்சேன், அப்பறம் காலேஜு, அப்பறம் கல்யாணம். சும்மா குடுத்தா அது சீட்டு, நேரம் பாத்துக் குடுத்தா சீர். மூலையில கடிச்ச தடம் இருக்குது பாரு, அது உன் பல்லு. மஞ்சக் கறை உங்க அத்தை கை. இந்தப் பக்கம் ஒட்டிகினு இருக்குறது மடவைச் செதிலு, அது நான். சொரண்டாத! இருக்கட்டும்.

இப்பவே தர மாட்டேன். மொதல்ல எழுது. போனை எடு. நாப்பத்திரெண்டாவது வரி. பேரு: அண்டர்டேக்கர். எப்டி வந்துச்சு: தாய்மாமன் பறிமுதல் பண்ணினது. காரணம்: கணக்குப் பரீட்சை. எங்க இருந்துச்சு: பாடு நோட்டுல. நெலமை: நீயே பாத்து எழுது, ரொம்ப அழகா எழுதாத. வெல: அது நமக்குள்ள.

இன்னாது, சீட்டையும் சேர்த்து எண்ணினா நாப்பத்தொண்ணுதான் வருதா? கட்டம் தப்பாது மாப்ள, ஆளு தப்பியிருப்பான். பொம்மையை மட்டும் எண்ணிப் பாரு. நாப்பதுதான? திரும்ப எண்ணு. நாப்பதேதான். அந்தக் குழம்புத் தலையன் எங்க, இந்த ஓரத்துல தனியா வச்சோமே? நான் அப்பவே பாத்தேன், நீ ஜப்பான் பெருமையில இருந்த. அத்தனி பயில்வான்ல அது இவனை மட்டும் தேடி எடுத்துச்சு பாரு, வாசனை வுட்டிருக்கும். ஓடாத, உக்காரு. அது இந்நேரம் ஐஸ் கம்பெனி பின்னாடி போயிருக்கும். தின்னாது, ரப்பர்னு தெரிஞ்சதும் துப்பிடும், சாயங்காலம் தேடிக்கலாம். அதுவரைக்கும் அவன் வரியை அழிச்சிடாத. எழுது: ‘கறிகுக், இந்தியா. கடைசியா பாத்தது வலைக்கூடத்துல, சனிக்கெழமை காலையில, வெள்ளைப் பூனை வாயில. பாத்தவர்: மாமா.’